கூட்டல் கழித்தல் முந்நூற்றைம்பது

சல்மாபாத்தில் வெள்ளி இரவு.
ஷட்டரைப் பாதி இறக்கிய கராஜுக்குள்
பாலிகார்பனேட் கூண்டு.
தரைக்கு, கப்பல் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகை.
மூலையில் ஒரு வாளி மணல்
பேட்டரி தீப்பிடித்தால் கொட்ட.
ஒன்றரைக் கிலோவுக்குள் எதையும் கொண்டுவரலாம்.
மூன்று நிமிடம்.

நான் சண்டை போடுவதில்லை.
பகலில் அலுமினிய ஜன்னல் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு.
இங்கே நம்பர் அக்கா.

யார் வந்தாலும் ஆயிரத்தைந்நூறு.
பாஸ்போர்ட் என்ன நிறம், சம்பளம் எவ்வளவு,
கட்டில் மேல்தட்டா கீழ்த்தட்டா
கேட்க என் அட்டவணையில் கட்டமில்லை.
அதன்பிறகு ஜெயித்தவன் எடுப்பதெல்லாம்
தோற்றவன் பையிலிருந்து.
புதிதாக அச்சடிக்க
எனக்கு அதிகாரமில்லை.

(கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை
எனக்கு ஐந்துக்கு மூன்று போடுவார்கள்.
யாரோடு மோதி மூன்று என்று
இதுவரை சொன்னதில்லை.)

அருள்சீலனின் வண்டிக்குப் பெயர் கருக்குமட்டை.
கொதிகலன் தகட்டின் மிச்சத்தில்
அவனே அறுத்து வைத்த பற்கள்,
நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று.
ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.

டம்பர் குருங், கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவன்.
காய் நறுக்கும் பலகை, பழைய டிரில் மோட்டார், நான்கு சக்கரம்.
பெயர் என்னவென்றேன்.
‘மேரா’ என்றான். என்னுடையது.
அதையே பெயராகப் பதிந்தேன்.
ஆயிரத்து முந்நூற்றுப் பத்து.

நானூறு இடைவெளி என்றால்
பதினொரு முறை மோதினால் பத்து முறை அருள்சீலன்.
ஜெயித்தால் அவனுக்கு மூன்று புள்ளி.
தோற்றால் போவது இருபத்தொன்பது.
அன்றைக்குப் பதினொன்றாவது முறை.

சுழன்று வந்த பல் பலகையில் இறங்கி
பலகையிலேயே மாட்டிக்கொண்டது.
டம்பர் விடவில்லை,
சுவரோடு ஒட்டவைத்துத் தள்ளிக்கொண்டே நின்றான்,
கருக்குமட்டையின் வயிற்றிலிருந்து புகை வரும்வரை.
எல்லோரும் கூண்டைப் பார்த்துக் கத்தினார்கள்.
அவன் மட்டும் என் லேப்டாப்பைப் பார்த்தான்.

அடுத்த மாதம் அருள்சீலனுக்கு விசா முடித்துவிட்டார்கள்.
நாற்பது தினாருக்கு வண்டி டம்பரிடம் போனது.
‘ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்றும் சேர்த்துத்தானே?’

கராஜ் முதலாளி ஃபாதில் சொன்னார்:
பல் வண்டியில் இருக்கிறது, எண்ணும் வண்டிக்குத்தான்.
ஷிபு சொன்னான்: கட்டைவிரலுக்கு.
கரக் டீ இரண்டு சுற்று ஆறியது.
நான் கட்டைவிரல் பக்கம் தீர்ப்பெழுதினேன்.
டம்பருக்கு அவனுடைய ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொன்பதே.
கருக்குமட்டையோடு முதல் மூன்று வெள்ளியும் தோற்றான்,
இடதுபக்கம் இழுக்கிறதென்று
வண்டியைத் திட்டிக்கொண்டே.

அப்புறம்தான் கவனித்தேன்.
ஆயிரத்தைந்நூறுக்கு மேல் நூற்று எண்பத்தொரு புள்ளியை
விமான நிலைய ஸ்கேனரில் சிக்காமல்
கொண்டுபோய்விட்டான்.
மிச்சமிருக்கும் இருபத்தொரு பேருக்கும்
ஆளுக்கு எட்டரைக்கு மேல் குறைகிறது.
யார் கையும் தளரவில்லை.
யார் பல்லும் மழுங்கவில்லை.
கூட்டிப் பார்த்தால் குறைகிறது.

ஈடுகட்டலாம், ஒரு வரி சூத்திரம்தான்.
கட்டவில்லை.

வராதவர்களுக்கு எண் மாறாது.
பக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தல் உண்டு,
அதுதான் வாராவாரம் பெருக்கும்.
நாற்பத்தொன்று. எழுபது. நூற்றுப் பதினெட்டு.
அவன் திறமை தேய்ந்தது என்று அதற்குப் பொருளல்ல.
எங்களுக்குத் தெரிவது தேய்கிறது.

முந்நூற்றைம்பதில் நிறுத்திவைத்திருக்கிறேன்.
இன்னும் இந்தத் தீவில் கால் வைக்காத ஒருவனுக்கும்
அதே முந்நூற்றைம்பதுதான்.

நேற்று திசையன்விளையிலிருந்து குரல் செய்தி,
பின்னால் யாரோ வெல்டிங் அடிக்கிறார்கள்:
‘அக்கா, என் வரிசைய அழிச்சிட்டியளா?’

சாம்பல் நிறமாக்கியிருக்கிறேன்.
நடுவில் ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்று இருக்கிறது.