விபத்துப் பதிவேடு, கிளேஸ் பே

'காரணம்' என்ற கட்டத்தில்
'மரம் விழுந்து' என்று எழுதினேன்.
தலைமை அலுவலகம் கடிதம் போட்டது:
கடலுக்கடியில் எழுநூறு அடி ஆழத்தில்
மரம் ஏது, மிஸ் மெக்ஸ்வீன்?
திருத்தி அனுப்பவும்.

திருத்தவில்லை.
நின்றபடியே கல்லாகிப்போன அடிமரம் அது.
தூர் அகன்று, மேலே குறுகி,
பட்டை மட்டும் நகக்கனத்துக்குக் கரியாகி
வழவழவென்று.
கீழே உள்ள கரியை வெட்டியெடுத்தால்
பிடிமானம் போயிற்று.
முனகாது. மண் உதிர்த்து எச்சரிக்காது.
உறையிலிருந்து கத்தி நழுவுவதுபோல்
மூன்று அந்தர் கல் இறங்கும்.

குவிலிம் புரோசர்மேல் இறங்கியது.

ரோண்டாவிலிருந்து கப்பலேறி வந்தவன்.
வந்த வாரமே, விளக்கு வாங்கும் சன்னலில்
பெரணி இலை பதிந்த சில்லு ஒன்றை
டக்கென்று வைத்தான்:
"இதே இலை என் அப்பன் சுரங்கக் கூரையிலும் உண்டு.
ஒரே காட்டின் இந்தக் கோடிக்கு வரவா
கப்பல்காரனுக்கு அத்தனை பவுன் அழுதேன்?"
வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள்.
நானும்தான்.

சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவன் கிளெமென்ட் கிட்டன்ஸ்.
குவிலிமைத் தோண்டி எடுத்தவன்.
பார்படாஸ்காரன், மூன்று சட்டைக்குள்ளும் நடுங்குகிறவன்.
தாள் பறக்காமலிருக்க என் மேசையில் ஒரு கல்:
கல்லாகிய மரத்துண்டு, யாரோ அறுத்து மெருகேற்றியது.
அதைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

ஸ்ப்ரூஸ் விறகின் வெட்டுவாயில்
வளையம் எண்ணி வளர்ந்தவள் நான்;
வரிக்கு ஒரு குளிர்காலம்.
இதில் ஒரு வரிகூட இல்லை என்பதை
ஆறு வருடமாக நான் கவனிக்கவில்லை.

"இதற்குக் குளிர்காலம் தெரியாது, மிஸ்.
எங்கள் வீட்டு ஈரப்பலா மாதிரி
நாள் தவறாமல் வளர்ந்திருக்கிறது."

வெளியே துறைமுகம் வெள்ளையாய் இறுகிக் கிடந்தது.
"அப்படியானால் இந்த ஊர் அன்று எங்கே இருந்தது?"

தொப்பியைச் சுருட்டினான், விரித்தான்.
"எங்கள் ஊர்ப் பக்கம். அதற்கும் தெற்கே இருக்கலாம்.
நான் சீட்டு எடுத்து வந்தேன்.
இது சும்மா வந்திருக்கிறது."

குவிலிம் அன்று சொன்னது அப்போதுதான் உறைத்தது.
காடு ஒன்றுதான்.
கடல்தான் பிறகு வந்து நடுவில் படுத்திருக்கிறது.

கிட்டன்ஸ் போன பிறகு பேனாவை எடுத்தால்
மை கட்டியாகியிருந்தது.
அடுப்பில் ஒரு வாரி கரி போட்டு
மைக்கூட்டைப் பக்கத்தில் வைத்து
அந்தப் பழைய வெயில் ஏறட்டும் என்று
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு பதில் எழுதினேன்:

ஐயா,
மரம் விழுந்துதான்.
பெயர் தெரியவில்லை.
குளிர் அறியாத இடத்தது.