துறைவாயில் ஒரு பாறை

மே மாதம் வந்தது சுருள். தகரக் குழாயின் மூடியில்
உப்புப் பூத்திருந்தது.
நக்கிப் பார்த்தேன்.
நான் கண்ட கடல் அவ்வளவுதான்.

லண்டன் கோபுரத்து வரைபட அறையில்
வடக்கு ஜன்னலோரம் என் மேசை.
வயது பதினேழு. நாள்கூலி ஒன்றரை ஷில்லிங்.
வந்ததை வந்தபடி நகலெடுக்க வேண்டும்;
யோசிப்பதற்குத் தனியாக ஆட்கள் இருந்தார்கள்.

ஆன்டிகுவா தீவு. மன்னரின் கப்பல்துறை.
வரைந்தவர் லெஃப்டினன்ட் ஆம்ப்ரோஸ் டில்கோட், பொறியாளர்.
கட்டி முடித்த சுவருக்குக் கிரிமிஞ்சிச் சிவப்பு,
கட்டப்போவதற்கு மக்கி மஞ்சள்.
தார் காய்ச்சும் கொட்டகை சிவப்பு.
கப்பலைச் சாய்த்து வயிற்றைச் சுரண்டும் மேடை, அதுவும்.
பாய்க் கிடங்கு பாதிக்குப் பாதி,
ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட ஆப்பிள் போல.
ஆஸ்பத்திரி முழுக்க மஞ்சள்.

தண்ணீருக்கு நிறமில்லை, எண்கள் மட்டும்:
மூன்று பாகம், மூன்றரை, நாலு,
எறும்புச் சாரையாய்த் துறைவாய் வரைக்கும்.
ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி:
ஆழம் பார்த்தது குவாமினா, துறைக்குச் சொந்தமான அடிமை.
இவன் ஈயக்குண்டு பொய் சொல்லாது.

துறைவாயில், கடைசி நாலுக்குப் பக்கத்தில்
கறுப்பாய் ஒரு புள்ளி. சுற்றிலும் மங்கிய பழுப்பு.
மெல்லிய கோடுகள் ஐந்தாறு.
பாறைக்கு நாங்கள் போடும் குறியும்
கிட்டத்தட்ட இப்படித்தான்.
மூச்சடக்கி, சீன மை தொட்டு,
கோடு கோடாகப் பாறையை வைத்தேன்.
கச்சிதம் என்றார் ஹெஸ்கத்.
ஓரத்து வரியில் விரல் வைத்து
இது எதற்கு, இடத்தை அடைக்கும் என்றார்.
விட்டுவிட்டேன்.

ஏழு பிரதிகள்.
ஏழிலும் பாறை.

செப்டம்பரில் சேதி: டில்கோட் இறந்துவிட்டார்.
காய்ச்சல். ஐந்தாம் நாள் கண்ணும் தோலும் மஞ்சள்.
ஆஸ்பத்திரி இன்னும் தாளில்தான் இருந்ததால்
பாய்க் கிடங்கில் கிடத்தினார்களாம்,
சிவப்புப் பாதியில்.

மறுவருஷம் ஒரு கேப்டன் எழுதினார்.
காட்டிய பாறையை இரண்டு நாள் தேடினோம்.
கயிறு விட்டவன் இங்கே பாறையே கிடையாது என்று சிரித்தான்.
சிரித்ததற்குத் தண்டனை கொடுத்தாயிற்று.
பெயர் எழுதவில்லை. எனக்குத் தெரியும்.
மேலிடத்துப் பதிலை நான்தான் பிரதி எடுத்தேன்:
இன்னும் கவனமாகத் தேடவும்.

அன்று சாயங்காலம், எல்லோரும் போன பிறகு
மூலப்படத்தை விரித்து நகத்தால் தொட்டேன்.
பாறையின் ஒரு கால் உதிர்ந்தது.
பிறகு இறக்கை.

கொசு.
வரைகிற கையில் உட்கார்ந்திருக்கும், அடித்திருப்பார்.
அந்தப் பழுப்பு
அவர் ரத்தமாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும்.
ஊதினேன். தாளில் ஒரு கறை, பக்கத்தில் நாலு.

சொல்லலாம். சொன்னால் ஒன்றரை ஷில்லிங் போய்விடும்.
கப்பல்கள் இப்போதெல்லாம் அங்கே
கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றனவாம்.

எட்டாம் பிரதி நாளைக் காலை வேண்டுமாம்.
மை குழைத்தாயிற்று.
துறைவாய்க்கு வரும்போது
கை என்ன செய்யுமோ தெரியவில்லை.