தண்ணி போற வழி

அப்புத்தளைக்கு மேலே, பங்களாவின் பின்மதிலில்
ஒரு பொம்பளை நிற்கிறாள்.
பதினைந்தடிக் கருங்கல்.
பாதியிலிருந்து புடைத்து எழும் மார்பு, கழுத்து, முகம்.
காலடியில், உடுப்பின் மடிப்புகளுக்குள்
பிள்ளைகள்.
எண்ணினேன், பதினொன்று.
பதினாலு என்றார் மனேஜர் விஜேகோன் மாத்தயா.
மிச்சம் மூன்றும் பாசிக்குள் இருக்குமாம்.

பிளாஸ்டிக் போட்ட அட்டையில் கதை தொங்குகிறது,
ஹோட்டலுக்கு வருகிறவர்கள் படிக்க.
கிரேக்கத்து ராணி, பெயர் நயோபி.
எனக்குப் பதினாலு, உனக்கு ரெண்டுதானே என்று
ஒரு தெய்வத்தாயைப் பார்த்துச் சொல்லிவிட்டாள்.
அந்த ரெண்டும் வில்லோடு வந்தன.
பிறகு அவள் கல்லானாள்.
கல்லான பிறகும் அழுகை நிற்கவில்லை.

"பெத்ததைச் சொன்னதுக்கா?"
சாந்து குழைத்துக்கொண்டிருந்த பிச்சமுத்து நிமிர்ந்தான்.
அவனுக்கு நான்கு.
"இனி யாரும் கேட்டா
இருக்கு ஒண்ணு ரெண்டுன்னுதான் சொல்லணும்."

செதுக்கியவன் யாரென்று அட்டையில் இல்லை.
காதைப் பாருங்கள்.
வளர்த்து வளர்த்துத் தோளைத் தொட விட்ட காது,
தண்டட்டி தொங்கிய காது.
எந்தக் கிரேக்கத்தில் இருந்தது அது?
துரை படம் காட்டியிருப்பான்.
மூக்கு வரைக்கும் படத்தைப் பார்த்தவன்
காதுக்கு வந்தபோது
லயத்துப் பக்கம் திரும்பியிருக்கிறான்.

கண்களை அவன் செதுக்கவே இல்லை.
இரண்டும் ஓட்டை.
கம்பியை விட்டேன், நாலடி போனது,
நுனியில் ஈரமண்.
மலையில் மதில் கட்டியவனுக்குத் தெரியும்:
மண் குடித்த தண்ணி வெளியே வர வழி வேண்டும்,
இல்லையென்றால் மதில் வரும்.
அடியில் வைத்த துளைகள் எப்போதோ தூர்ந்துவிட்டன.
மிச்சம் கண்கள்தான்.

கன்னத்தில் கறை,
தரையில் வழுக்கல்,
ஜெர்மன்காரி ஒருத்தி விழுந்து கையை முறித்துக்கொண்டாள்.
அடை என்றார் மாத்தயா.
சொல்லிப் பார்த்தேன்.
"பாஸ், நீ மேசனா இஞ்சினியரா?"

ஒன்றுக்கு மூன்று கலவை.
நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
அடைத்தேன்.
இடது கண்ணை நான், வலதைப் பிச்சமுத்து.
கரணையால் இழுத்து மூடியபோது
தூங்குகிறவள் மாதிரி இருந்தாள்.
அழகாகக்கூட.

ஐப்பசி.
நாலாம் நாள் இரவு
தகரத்தில் பேச்சுக் கேட்காத மழை.
மதிலுக்கு நேர் கீழே பன்னிரண்டு காம்பரா லயம்,
ஆறாவதில் நான், ஏழாவதில் பிச்சமுத்துவும் நான்கும்.
படுத்திருந்தேன்.
நாய் குரைத்திருந்தாலாவது எழுந்திருப்பேன்.
அது குரைக்காமல்
மேலே பார்த்துக்கொண்டு நின்றது.

அலவாங்கு, ஏணி, பல்லில் கடித்த டோர்ச்.
மார்பு ஓரங்குலம் முன்னால் வந்திருந்தது,
அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.
இடது கண்ணில் குத்தினேன்.
என் கைவேலை. நல்ல வேலை.
லேசில் விடவில்லை.
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒழுங்காகக் கலந்ததற்கு என்னையே திட்டினேன்.

பிறகு விட்டது.
செம்மண், வேர்த்துண்டு, ஒரு குட்டித் தவளை,
எல்லாம் என் வாயில், மூக்கில்.
ஏணியோடு விழுந்தேன்.
இடுப்பு பிசகிக் கிடக்க,
மேலே அவள் ஊற்றினாள்,
விடியும்வரை ஊற்றினாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
சொல்லித் தேற்ற என்ன இருக்கிறது.

மாத்தயா மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.
வலது கண் இன்னும் அடைப்புத்தான்.
பிச்சமுத்து சீமெந்தில் கஞ்சத்தனம் பார்க்கிறவன் இல்லை.
ஒற்றைக் கண்ணால் அழுகிறவளை
வருகிறவர்கள் படம் பிடிக்கிறார்கள்.
அட்டையை யாரும் மாற்றவில்லை.

இடுப்பு ஆறிய பிறகு போய்ப் பார்த்தேன்.
அந்தக் கண்ணுக்கு நேர் கீழே
பாசி பெயர்ந்து போன இடத்தில்
பன்னிரண்டாவது பிள்ளை.
அதற்கும் காது குத்தியிருக்கிறது.