கல்லட்டி இறக்கத்தில் ஒரு கணக்கு

குமட்டாமலிருக்கச் சிலர் எலுமிச்சையை முகர்வார்கள்.
நான் எண்ணுவேன்.
ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்க
முப்பத்தாறு கொண்டை ஊசி.
வளைவுக்கு ஒரு பகா எண்.

பக்கத்து இருக்கையில் ரோசலிண்ட், தபால் ஆபீஸ்காரி.
போட்ட பணம் இரட்டிப்பாகும் பத்திரம் விற்று விற்று
இரண்டால் பெருக்குவது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி.
"எனக்கு இரண்டின் அடுக்கு," என்றாள். "பார்க்கலாம்."

முதல் வளைவில் இருவருக்குமே இரண்டு.
சிரித்துக்கொண்டோம்.
அடுத்ததில் எனக்கு மூன்று, அவளுக்கு நான்கு.
ஐந்து, எட்டு.
ஏழு, பதினாறு.
தைல மரங்கள் மேலே போக நாங்கள் கீழே போனோம்.
பத்தாவதில் நான் இருபத்தொன்பது;
அவள் ஆயிரத்து இருபத்து நான்கு என்று சொல்லிவிட்டு
ஒரு முறுக்கைக் கடித்தாள்.

நிற்கிற இடம் தெரிந்தால் போதும் அவளுக்கு,
போகிற இடம் தெரிந்துவிடும்.
நானோ ஒவ்வொரு தடவையும்
முன்னால் வந்தவர்களிடமெல்லாம் போய் நிற்க வேண்டும்:
மூன்றே, இதை நீ வகுப்பாயா? ஏழே, நீ?
எல்லோரும் கைவிரித்தால்தான் எனக்கு நகர்வு.

இருபதில் காது அடைத்தது.
எனக்கு எழுபத்தொன்று. அவள் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தாள்.
முன்னே கேரட் ஏற்றிய வண்டி, பிரேக் கருகும் வாடை.
"வளைவுக்கு ஒன்பதரை வருஷம்னு வை,
அடிவாரம் சேர்றதுக்குள்ள நான் கோடீஸ்வரி."
போட்டுப் பார்த்தேன்: முந்நூற்று நாற்பத்திரண்டு வருஷம்.
நாமினி யார் என்று கேட்டேன்.

முப்பதில் நூற்றுப் பதின்மூன்று.
அப்புறம் ஒன்றுமே இல்லை.
நூற்றுப் பதினைந்தை ஐந்து கொண்டுபோயிற்று,
பதினேழை மூன்று.
நூற்றுப் பத்தொன்பது பார்க்கத் தனியாள் போலத்தான் இருந்தது,
உள்ளே ஏழும் பதினேழும் ஒளிந்திருந்தன.
பஸ் திரும்பி முடித்துவிட்டது,
நான் இன்னும் பழைய வளைவிலேயே.
ஒரு வழியாக நூற்று இருபத்தேழு.
வெளியே முட்காடு. வெயில்.

கடைசிப் பலகையில்
நூற்று ஐம்பத்தொன்று என்றேன், மெல்ல.
ரோசலிண்ட் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக்கொண்டிருந்தாள்:
ஆறாயிரத்து எண்ணூற்று எழுபத்தொரு கோடி,
மிச்ச லட்சங்கள் தாளுக்கு வெளியே
அவள் கட்டைவிரலில் கிடந்தன.
அந்தக் கடைசித் தாவலில் மட்டும்
என் ஆட்கள் நூறு கோடிப் பேருக்கு மேல்
அவள் காலுக்கடியில் போயிருப்பார்கள்.
ஒருவரையும் அவள் பார்க்கவில்லை.
இருக்கட்டும், அவர்கள் எங்கேயும் போகப்போவதில்லை.
நான் வரத்தான் நேரமாகும்.

பஸ் நின்றது.
அப்போதுதான் குமட்டியது.
ரோசலிண்ட் பையைத் துழாவி
ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தாள்.