லாபிக்குள்ள போனா அவுட்டு

படம் எப்படின்னு எங்கிட்டக் கேக்காதீங்க.
கேட்டாச் சொல்லிப்புடுவேன்.
செல்லூர்ல முப்பது வருசமா கபடி பாக்குறவன்.
ஆடுனவன் இல்ல, பாக்குறவன்.
அதுக்கும் மூச்சு வேணும்.

ஒரு ரைடுக்கு முப்பது நொடி.
படத்துல ஹீரோ கெளம்புறாரு,
தூசி மெதுவா எந்திரிக்குது,
மூக்குநுனியில ஒரு சொட்டு வேர்வை
தரையத் தொடுறதுக்குள்ள
நான் வெளிய போயி ரெண்டு பப்ஸ் வாங்கி
மீதிச் சில்லறையும் எண்ணி முடிச்சிட்டேன்.
அவரு இன்னும் நடுக்கோட்டத் தாண்டல.

அடுத்தது லாபி.
ஆளத் தொடாம லாபிக்குள்ள கால் வச்சா அவுட்டு,
சின்னப்புள்ளைக்கும் தெரியும்.
இவரு லாபியிலயே ஓடுறாரு,
லாபியிலயே கரணம் அடிக்கிறாரு,
அங்கிட்டு நிக்கிற கதாநாயகியப் பாத்துச் சிரிக்கிறாரு.
தியேட்டரே விசிலடிக்குது.
நான் மட்டும் எந்திரிச்சு "அவுட்டு"ன்னேன்.
முன்சீட்டுக்காரன் திரும்பி,
"அண்ணே, பேரு போடும்போது சொல்லுங்க, இப்ப ஒக்காருங்க"ன்னான்.

பேய்ப்படம் பிடிக்கும்.
பேய்க்கு ஆட்டம் தெரியும்.
முன்னாடி நின்னு வசனம் பேசாது,
பின்னாடி வந்து கணுக்கால்ல பிடிக்கும்.

சீரியல் என் கையில இல்ல.
ஒம்பது மணிக்கு ரிமோட்டு வனஜோதிகிட்ட.
மாமியா மொறைக்கிறா, மருமக மொறைக்கிறா,
மறுபடி மாமியா, மறுபடி மருமக,
மூணு ரீப்ளே. தீர்ப்புச் சொல்லத்தான் ஆளில்ல.
பீரோவுக்குள்ள ஒரு கடுதாசி கெடக்கு.
ஆடியில ஒளிச்சு வச்சது,
தை பொறந்திருச்சு, இன்னும் பிரிக்கல.
"ஜெயிக்கிற டீமு டயத்தக் கடத்துது"ன்னேன்.
"உங்க மேட்சுல மட்டும் என்னவாம்?
ஒருத்தன் போறான், வாறான். போறான், வாறான்"னா.
பதில் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்.

இம்புட்டுப் பேசுறவன்
ஒரு படத்த நாலு தடவ பாத்தேன்.
மோசமான படம். அதுல மாத்தமில்ல.
சோணைமுத்து அதுல எதிர் டீமு, வலது கார்னர்.
விடியக்காலம் மாட்டுத்தாவணியில வெங்காய மூட எறக்குறவன்.
தல்லாகுளத்துப் பக்கம் ஷூட்டிங்கு,
நாளுக்கு எண்ணூறு ரூவா, மத்தியானம் பிரியாணி.
ஹீரோ தோளச் சிலுப்புனா
இவன் பறந்து போயி விழணும். அதான் வேல.
ஆறு டேக்கு பறந்தான்.
ஏழாவதுல
என்ன நெனச்சானோ, நெனக்கவே இல்லையோ,
கை தானாப் போயி கணுக்கால்ல பூட்டிருச்சு.

ஹீரோ குப்புற.
கொடைக்காரன் ஓடி வாறான், தண்ணி பாட்டிலு ஓடி வருது.
டைரக்டரு மைக்குல என்ன சொன்னாருன்னு
சோணை இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல.
சம்பளத்துல பாதியப் பிடிச்சுக்கிட்டாய்ங்க.
பிரியாணிக்குப் பிடிக்கல, அந்த மட்டுக்கும் சரி.

அந்தத் துண்டு படத்துல கெடையாது.
ஆனா கடைசியில
ஹீரோவத் தோள்ல தூக்கி ஆடுறப்ப
இடது ஓரமாத் தோத்த டீமு நிக்கும்.
எல்லாரும் தலையக் குனிஞ்சிருக்க
ஒருத்தன் மட்டும்
தன்னோட வலது கையத் திருப்பிப் பாப்பான்,
இது யாரு கைன்னு கேக்குற மாதிரி.
ஒன்ர நொடி.
அதுக்குத்தான் நாலு டிக்கெட்டு.

நாலாந்தடவ வனஜோதியக் கூட்டிட்டுப் போனேன்.
"இப்ப, இப்ப, இடது பக்கம்"னு
அவ முழங்கையத் தட்டுனேன்.
பாப்கார்ன் செதறிருச்சு, அதப் பொறுக்கக் குனிஞ்சா.
நிமிரும்போது பேரு ஓடுது.
எதிர் டீமு ஆளுக பேரு அதுல இல்ல.
"ரீப்ளே போட மாட்டாய்ங்களா?"ன்னு கேட்டா.

யானைக்கல் பாலத்துல
வண்டிக்குப் பின்னாடி இருந்து ஒரு கொரலு:
"அந்தக் கடுதாசிய இன்னைக்காவது பிரிப்பாகளா?"
பிரிக்க மாட்டாகன்னேன்.
மணி எட்டு அம்பது.
கொஞ்சம் முறுக்குனேன்.