புள்ளி

பதினோராவது எபிசோடில்
வேலை போன அன்று ராத்திரி
அந்தக் கொரியாக்காரி
கடைக் கண்ணாடியோரம் உட்கார்ந்து
கப் நூடுல்ஸை ஊதி ஊதித் தின்றாள்.
எதிர் நாற்காலி காலி.
யாரும் வரவில்லை.
கேமராவும் அவசரப்படவில்லை.

எங்கள் நகரத்தார் கணக்கில்
கல்யாணமானால்தான் புள்ளி.
கோயில் வரி நோட்டில்
தம்பி ஒரு புள்ளி,
சின்னவன் ஒரு புள்ளி.
நாற்பத்திரண்டு வயசு உமையாள்
வரவிலும் இல்லை, பற்றிலும் இல்லை.

நேற்று ஆபீஸ் விட்டு
கழனிவாசல் புரோட்டாக் கடையில் ஏறினேன்.
"குடும்ப ரூம் உள்ளே" என்று
கை காட்டினான் பையன்.
வாசலோர மேசையிலேயே உட்கார்ந்தேன்.
கண்ணாடி கிடையாது,
டவுன் பஸ் தூசிதான்.

"எத்தனை பேருக்கா?"

"ஒரு புள்ளி."

அவனுக்கு விளங்கவில்லை.
இலை போட்டான்.