வயதுக்குச் சாட்சி

ஹாக்தோர்ப் தேவாலயம், லிங்கன் மாவட்டம்.
மெழுகுத்திரித் திருநாள் கழிந்து மூன்றாம் நாள்.
வெளியே வைத்தால் மை உறைந்துவிடுகிறது,
குப்பியை அக்குளில் இடுக்கியிருந்தேன்.

கேள்வி ஒன்றுதான்.
செத்துப்போன தர்ஸ்டன் பிரபுவின் மகன் வாரினுக்கு
இருபத்தொன்று முடிந்ததா?
முடிந்ததென்றால் நிலம் அவனுக்கு.
இல்லையென்றால் இன்னொரு அறுவடையும் அரசருக்கு,
அதாவது, அரசரிடம் அவனை விலைக்கு வாங்கியிருந்த
யார்க் நகரத்துச் சீமானுக்கு.

பையன் தூணோரம் நின்றான். தாடி இருந்தது.
தாடியின் சாட்சியம் செல்லாது.
நாற்பத்திரண்டு தாண்டியவர்கள் பன்னிரண்டு பேர் வேண்டும்,
எப்படித் தெரியுமென்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும்.

முதலில் ஹேமோ.
"அவரு பொறந்த அன்னிக்குத்தாங்க ஓக் மரத்துலேர்ந்து விழுந்தேன்.
இந்தக் கால்தான். மழை வந்தா இன்னும் சொல்லும்."
எழுதினேன்:
மேற்படி நாளில் சாட்சி தன் இடது காலை முறித்துக்கொண்டமையால்
அந்நாள் அவன் நினைவில் உள்ளது.

ஒருவனுக்குக் களஞ்சியம் எரிந்தது.
ஒருவனுக்குப் பன்றி ஆற்றோடு போனது.
ஞானஸ்நானத்துக்குத் திரி பிடித்துப் போன ஐவோ
கையில் வழிந்த மெழுகின் தழும்பைக் காட்டினான்,
ஏதோ நேற்றுச் சுட்டதுபோல.
ஒரு பிள்ளை பிறக்க
ஊரே இத்தனை அடிபட வேண்டியிருக்கிறது.

ஏழாமவனுக்கு ஒன்றும் நினைவில்லை.
நல்ல மனிதன். அவன் வாழ்வில் எதுவும் உடைந்ததில்லை.
"ஏதாச்சும் எழுதிக்குங்களேன்."
போன வருடத்து ஸ்டாம்ஃபர்டு நகல் பையில் இருந்தது.
அதிலிருந்து ஒரு குதிரை உதையை எடுத்துக் கொடுத்தேன்,
இரண்டு விலா எலும்பு.
வாசித்துக் காட்டியதும்
விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

வெஸ்ட்மின்ஸ்டரில் யார் எண்ணப் போகிறார்கள்?
தோலை மடித்துக் கோத்து மூட்டையில் போடுவார்கள்.
அந்த ஒற்றைக் குதிரை
ஆறு மாவட்டங்களில் இன்னும் உதைத்துக்கொண்டிருக்கிறது.

பதினோராவது சேயர். கூரை வேய்கிறவன்.
தொப்பியைச் சுருட்டினான், பிரித்தான், சுருட்டினான்.
"இடோனியா. எம் பொண்ணு. மூணு வயசு.
அவங்க புள்ளைய உள்ளே கொண்டுபோறாங்க,
நாங்க வெளியே தூக்கிட்டு வர்றோம்.
வாசல் ஒண்ணுதானே.
யாரு ஒதுங்குறதுன்னு தெரியாம நின்னோம்."

"யார் ஒதுங்கினது?"
கேட்டது நான்தான். ஆணையில் இல்லாத கேள்வி.

"அந்தத் தாதிதான். புள்ளைய மாரோட அணைச்சுக்கிட்டு
செவத்துல ஒட்டினா.
கண்ணை மூடிக்கிட்டா."

அதிகாரி பிரெஞ்சில் சொன்னார்: சுருக்கு.
சுருக்கினேன்:
மேற்படி நாளில் சாட்சி தன் மகளை அடக்கம் செய்தான்.
லத்தீனில் நான்கு சொல்.
பெயர் எழுதும் வழக்கமில்லை.
இடமில்லை என்று சொல்ல மாட்டேன்,
தோலின் அடியில் மூன்று விரற்கடை வெறுமையாகவே இருந்தது,
முத்திரைகள் தொங்குவதற்காக.

பன்னிரண்டாமவனுக்குப் பசி. எனக்கும்.
அவ்வண்ணமே, என்று முடித்தேன்.

சேயருக்கு முத்திரை கிடையாது.
ஹேமோவுடையதை இரவல் வாங்கினான், ஒரு முயல்.
குளிரில் மெழுகு இறுகிவிட்டதால்
காதுகள் மட்டும்தான் பதிந்தன.

ஒப்புக்கொள்ளப்பட்டது. நிலம் வாரினுக்கு.
எல்லாரும் தோளைத் தட்ட, பையன் வாசலை நோக்கி நடந்தான்.
வெளியே மழை.
சேயர் தொப்பியோடு அந்த வாசலில்தான் நின்றிருந்தான்.

யார் ஒதுங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை.
குனிந்து குப்பியின் மூடியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.